சிங்கப்பூர்ல 'நாட் பேட்'னு சொன்னா சந்தோஷப்படுங்க

சிங்கப்பூருக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரூம் எங்க கிடைக்கும், எம்.ஆர்.டி. ரயில்ல எப்படிப் போகணும், ஊருக்குப் பணம் எங்க அனுப்பணும்னு எல்லாத்துக்கும் யாராவது வழி சொல்லிடுவாங்க, ஆனா இங்க இருக்குறவங்க ஒரு ஆளப் பத்தியோ ஒரு பொருளப் பத்தியோ மனசுல நினைக்கிறத எப்படி வெளிய சொல்லுவாங்கன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. வேலைக்கு வர்ற நம்ம பசங்களுக்கு இதுதான் முதல்ல தெரியணும்.

இங்க பாராட்டு ரொம்ப அளவாத்தான் வரும். எங்க சூப்பர்வைசர் சீனர், ட்ராயிங்க மேலயும் கீழயும் பாத்துட்டு "நாட் பேட்"ம்பாரு, அவ்ளோதான். பக்கத்து சீட்டு உள்ளூர்த் தமிழ் அக்காதான் சொன்னாங்க, "தம்பி, அவரு வாயில அது வந்தாலே பெரிய விஷயம் லா"ன்னு. அதே ஆளு "ஓகே லோர்"னு இழுத்தா முழு மனசு இல்ல, வேற வழியில்லாம ஒத்துக்குறாருன்னு அர்த்தம். "கேன் லா"ன்னா முடியும், கவலைய விடு. "கேன் மெ?"ன்னா இது நடக்குமான்னு சந்தேகம்.

இதப் பாத்து பயப்பட ஒண்ணுமில்ல. தமிழ்ல நாமளும் இதத்தான பண்றோம், "அவரு வருவாரு"ன்றதுக்கும் "வருவாராம்"ன்றதுக்கும் "வந்துட்டாலும்"னு இழுக்குறதுக்கும் எவ்ளோ தூரம், கடைசில ஒரு எழுத்து சேந்தா அந்த ஆளு மேல நமக்கு இருக்குற நம்பிக்கை தெரிஞ்சிடுது. அதனால தமிழ்க் காதுக்கு இது சீக்கிரமே பிடிபடும்னு நான் நிஜமாவே நம்புறேன்.

ஆளுங்கள எடை போடுற வார்த்தைங்க தனி. எதையும் கோட்ட விட்டுடக் கூடாதுன்னு முந்திட்டு நிக்கிறவரு கியாசு, இது ஹொக்கியன்ங்கிற சீன வட்டார மொழில இருந்து வந்தது, 2007லயே ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்குப் போயிடுச்சு. ஒண்ணும் புரியாம முழிச்சா "ப்ளர் லைக் சோத்தோங்", சோத்தோங்னா மலாய்ல கணவாய் மீன். பெரிய இடத்துப் பழக்கம், விலை ஜாஸ்தின்னா அத்தாஸ். மேலதிகாரி வர்றப்ப மட்டும் ஓடி ஓடி வேலை செஞ்சா வயாங், அதாவது கூத்து. நல்ல வெயில்ல ஐஸ் கச்சாங் (சீவின ஐஸ்ல பாகு ஊத்தித் தர்றது) உள்ள போனா ஷியோக், அதாவது செம சுகம். நல்ல ஆங்கிலம் பேசுவோம்னு அரசாங்கம் 2000ல இயக்கமே ஆரம்பிச்சது, இருந்தாலும் கோப்பிக் கடையில சிங்லிஷ்னு சொல்ற இந்தக் கலப்பு ஆங்கிலப் பேச்சு அப்படியேதான் ஓடுது, ஓடணும்னுதான் எனக்கு ஆசை, ஏன்னா சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மேசைல உக்காந்து இதுலதான் மனசு விட்டுப் பேசுறாங்க.

மீட்டிங்லயும், நம்ம வேலைய மதிப்பிட்டு எழுதுற அப்ரைசல்லயும் வேற மாதிரி. அங்க பிரிட்டிஷ் வழக்குதான் நிறைய. "சேஃப் பேர் ஆஃப் ஹேண்ட்ஸ்"னு உங்களப் பத்தி எழுதியிருந்தா நம்பி வேலைய ஒப்படைக்கலாம்னு அர்த்தம், கிரிக்கெட்ல கேட்ச் விடாத ஃபீல்டருக்கும் இதையேதான் சொல்லுவாங்க. "ஷீ திங்க்ஸ் த வேர்ல்ட் ஆஃப் யூ"ன்னா அந்தம்மாவுக்கு உங்க மேல அவ்ளோ மதிப்பு. "இன்ட்ரெஸ்டிங்"னு மட்டும் சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிட்டா பெரும்பாலும் பிடிக்கலன்னு எடுத்துக்கலாம்.

பிடிக்கலன்னு நாமளும் சொல்லிப் பழகணும், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. டுரியான் பழத்த ஆசையா நீட்டுறாங்க, வாசனை ஒத்துக்கல (எம்.ஆர்.டி.குள்ளயே கொண்டு போக விட மாட்டாங்க, அவ்ளோ வாசனை), அப்ப மூஞ்சியத் திருப்பாம "நாட் மை கப் ஆஃப் டீ"ன்னு சிரிச்சிட்டே சொல்லலாம், பழத்துல குறையில்ல, எனக்குத்தான் ஒத்து வரலன்னு அது சொல்லிடும். "இட் க்ரோஸ் ஆன் யூ"ம்பாங்க பதிலுக்கு, போகப் போகப் பிடிச்சிரும்னு. வேலையிலயும் அப்படித்தான், ஒரு டிசைன் சரியில்லன்னா "ஐ'ம் நாட் சோ ஷ்யூர் அபௌட் திஸ்"னு ஆரம்பிச்சா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. நம்ம பசங்க நல்லா வேலை தெரிஞ்சும் மரியாதைன்னு நினைச்சு வாயே திறக்காம உக்காந்திருப்பாங்க, அத இங்க மரியாதையா எடுத்துக்குறதில்ல, இவனுக்குச் சொந்தமா கருத்தே இல்லன்னு எழுதிடுறாங்க, கேக்கும்போதே எனக்கு வயிறெரியும்.

ஒரே ஒரு விஷயம், ப்ளர், வயாங் எல்லாம் கூட்டாளிங்களுக்குள்ள மட்டும் வச்சுக்கோங்க. வயசுல பெரிய அங்கிள், ஆன்ட்டிகிட்டயோ கிளையன்ட்கிட்டயோ வேண்டாம்.