ஆர்1-ஐத் துடைச்சுட்டு வா தம்பி

சத்துவாச்சாரியில கடை போர்டுக்கு எல்இடி ஓட்டிக் குடுக்குற தம்பி ஒருத்தன் கேட்டான்: "ண்ணா, போர்டு புரோகிராம் மொத்தத்தையும் அசெம்பிளியிலயே, அதான் சிப்போட நேரடிக் கட்டளையிலயே, எழுதிடவா?"

வேணாம்பா. அட்மெகா328 சிப்புல, 16 மெகாஹெர்ட்ஸ்னா ஒரு சைக்கிள், அதாவது சிப்போட ஒரு துடிப்பு, 62.5 நானோசெகண்ட். டபிள்யூஎஸ்2812 கலர் எல்இடிக்கு நேரம் பிசகாம பிட் அனுப்புற அந்தச் சின்ன லூப்பை மட்டும் அசெம்பிளியில சைக்கிளை எண்ணி எழுது. பட்டன், மெனு எல்லாம் சி மொழியிலயே கிடக்கட்டும். நாளைக்கு நீயேதானே படிக்கணும்?

அந்த அசெம்பிளி ஃபங்ஷனைத் தனி ஃபைல்ல வை, எக்ஸ்டென்ஷன் பெரிய எஸ். பேருக்கு குளோபல் போடு, சியில டிக்ளேர் பண்ணு. இந்தச் சிப்போட சி கம்பைலரான ஏவிஆர் ஜிசிசியில, முதல் ஆர்க்யுமென்ட் ஒரு பைட்னா ஆர்24ங்கிற ரிஜிஸ்டர்ல, அதான் சிப்புக்குள்ள இருக்குற சின்ன டப்பாவுல, வரும். திருப்பித் தர்றதும் அதுலயே. ஆர்18லேர்ந்து ஆர்27 வரைக்கும், அப்புறம் ஆர்30, ஆர்31 உன் இஷ்டம். ஆர்2லேர்ந்து ஆர்17, ஆர்28, ஆர்29 தொட்டா, முதல்ல புஷ் போட்டு பழசைச் சேமிச்சு, கடைசியில பாப் போட்டு திருப்பி வைக்கிறது கட்டாயம்.

முக்கியமா ஆர்1. அதுல எப்பவும் பூஜ்யம்தான் இருக்கும்னு நம்பி கம்பைலர் கோடு போடுது. நீ 'மல்'னு பெருக்கல் கட்டளை போட்டா விடையோட மேல்பாதி அங்கதான் போய் உக்காரும். திரும்புறதுக்கு முன்னாடி 'சிஎல்ஆர் ஆர்1' போட்டு அதைப் பூஜ்யமாக்கலைன்னா, உன் ஃபங்ஷன்ல ஒண்ணும் தெரியாது. சம்பந்தமே இல்லாத இடத்துல வெடிக்கும்.

லூப் ஓடும்போது, நடுவுல குறுக்கிடுற இன்டரப்டையும் நிறுத்தி வை. இல்லன்னா காட்பாடி ரோட்டுல பச்சை போர்டு கண்ட கலர்ல மின்னும், கடைக்காரர் உனக்குத்தான் போன் போடுவாரு.