மூணு மாசம் முடிஞ்ச பிறகு

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் டயட்டீஷியனாக இருக்கிறேன். எடை குறைக்க வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போடும்போதே கேட்டுவிடுவார்கள்: “எத்தினி மாசம் மேடம் ஆவும்?” அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் மூன்று மாத பேக்கேஜ் என்று நாங்கள்தானே போர்டு வைத்திருக்கிறோம். பாதிப் பிரச்சினையே அந்த போர்டுதான் என்பது என் அபிப்பிராயம். வருஷக் கணக்கைச் சொன்னால் எவர் வருவார் என்று நிர்வாகம் கேட்கிறது. அதுவும் நியாயம்தான், வாடகை கட்ட வேண்டுமே.

காசிமேட்டில் டிபன் கடை நடத்தும் ஒரு அக்கா வந்தார். மீன் ஏலத்துக்கு வருகிறவர்களுக்காக விடிகாலையிலேயே அடுப்பு பற்ற வைக்கிறவர். காலையில் எதுவும் சாப்பிட மாட்டார். கூட்டம் ஓய்ந்த பிறகு மிஞ்சிய பூரியும் வடைகறியும், அதுவும் நின்றபடியே. நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. கடை திறக்குமுன் இரண்டு இட்லி, முட்டை. சாப்பிட்டதையெல்லாம் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எடை நன்றாகவே இறங்கியது. மூன்று மாதம் முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பழைய எடை, கூடவே கொஞ்சம் வட்டியும். “எனக்குக் கட்டுப்பாடு இல்ல மேடம்” என்றார். எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்குக் கோபம் வருவதும் இதற்குத்தான்.

எடை குறைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. வயிறு நிறைந்ததென்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. உணவுக் கட்டுப்பாடு முடிந்து ஒரு வருஷமாகியும் இந்த மாற்றங்கள் சரியாகவில்லை என்று 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உடம்பு ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டும்போது, நாம் மூன்றே மாதத்தில் கையை விட்டுவிடுகிறோம்.

1989-இல் அமெரிக்காவில் மைக்கேல் பெர்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர், எடை குறைக்கப் பழக்கவழக்கங்களை மாற்றும் ஒரே பயிற்சியை ஒரு சாராருக்கு 20 வாரமும் இன்னொரு சாராருக்கு 40 வாரமும் கொடுத்துப் பார்த்தார்கள். 20 வாரத்தோடு நின்றவர்களுக்கு அதன் பிறகு எடை இறங்கவில்லை. தொடர்ந்தவர்களுக்கு மேலும் இறங்கியது. அதற்காக 40 வாரம் போதும் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளிகள் 5,145 பேரை வைத்து 2001-இல் தொடங்கிய ‘லுக் அஹெட்’ ஆய்வில், தீவிர ஆலோசனை பெற்றவர்களுக்கு முதல் வருஷத்தில் எடை சராசரியாக 8.6 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்தும் 6 சதவீதக் குறைவு நின்றது. அவர்களை யாரும் இடையில் விட்டுவிடவில்லை. சந்திப்புகளைக் குறைத்துக்கொண்டார்களே தவிர, நிறுத்தவில்லை.

இப்போது எடை குறைக்கும் ஊசி பற்றியும் விசாரிக்கிறார்கள். அங்கேயும் அதே “எத்தினி மாசம்?” செமாக்ளுடைட் ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் வரை குறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரையை யாரும் கோர்ஸ் முடிந்ததென்று நிறுத்துவதில்லையே என்று டாக்டர் எடுத்துச் சொல்வார். தலையாட்டிவிட்டு விலையைக் கேட்பார்கள்.

அந்த அக்கா இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். எடை பார்ப்பது, நோட்டைப் புரட்டுவது, பேரப்பிள்ளை கதை. பத்து நிமிஷ வேலை. நோட்டைப் பார்த்துத்தான் ஒன்று தெரிந்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் எடை ஏறுகிறது. விசைப்படகு போகாது, ஏலம் இல்லை, கடையில் கூட்டமில்லை. அக்கா வீட்டில் உட்கார்ந்து பேரனோடு முறுக்கு தின்கிறார். மூன்று மாத பேக்கேஜில் இது எனக்கு எங்கே தெரிந்திருக்கும்? இந்த வருஷம் தடைக்காலம் முழுக்க வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறேன். “கடை டல்லா இருக்கும் மேடம், ஃபீஸ்?” என்றார். எடை மெஷினில் ஏறி இறங்க ஃபீஸ் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் பேசி வைத்திருக்கிறேன்.