குன்சும் கணவாய்க்கு ஐந்து வண்டிகள்: திசையும் நேரமும்

வரும் செப்டம்பரில் நண்பர்கள் ஐந்து வண்டிகளில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவானதிலிருந்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் டயர், வின்ச், கூரைமேல் கட்டும் கூடாரம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வழியை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபின், அந்தப் பேச்சில் யாரும் தொடாத இரண்டு கேள்விகளை நான் முதலில் எடுத்துக்கொண்டேன். எந்தப் பக்கமிருந்து உள்ளே நுழைவது? ஓடைகளை எந்த நேரத்தில் கடப்பது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே அவற்றின் இடத்தில் வந்து அமர்கின்றன.

சண்டிகரிலிருந்து ஸ்பிட்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. மணாலி வரை சென்று, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கிராம்பூ, பாத்தல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் இறங்குவது தூரத்தில் குறைவானது. சிம்லா, நார்கண்டா, கல்பா, தாபோ என்று சட்லெஜ் நதியையும் பின்னர் ஸ்பிட்டி நதியையும் ஒட்டிக் கின்னோர் மாவட்டம் வழியாகச் செல்வது நீளமானது. விடுப்பு குறைவாக உள்ள நண்பர்கள் முதல் வழியையே கேட்டார்கள். ஆனால் மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். குன்சும் சுமார் 4,550 மீட்டர். காசா சுமார் 3,650 மீட்டர். மணாலியில் ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் காசாவில் படுப்பவர், உறங்கும் உயரத்தை ஒரே நாளில் 1,600 மீட்டர் கூட்டிக்கொள்கிறார். உயரத்தால் வரும் மலைநோயைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. சமவெளியிலும் கடற்கரையிலும் வாழ்ந்து பழகிய எங்கள் குழுவில் ஐம்பதைக் கடந்தவர்களும் இருக்கும்போது அந்த வரம்பை மீறித் திட்டமிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கின்னோர் வழியாக நுழைந்து குன்சும் வழியாக வெளியேறுகிறோம். நார்கண்டாவில் சுமார் 2,700 மீட்டர், கல்பாவில் 2,950, தாபோவில் 3,280, காசாவில் 3,650 என்று இரவுகள் படிப்படியாக உயரும். கல்பாவுக்கு அடுத்து நாக்கோவில் தங்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஏரிக்கரையில் அமைந்த அழகான ஊர்தான், ஆனால் அது 3,660 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மதிய உணவை மட்டும் முடித்துக்கொண்டு தாபோவுக்கு இறங்கிவிடுவது நல்லது. 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தை மறுநாள் காலை நிதானமாகப் பார்க்கவும் அது வசதி. காசாவில் இரண்டு இரவுகள்.

திட்டத்தின் கடினமான பகுதி காசாவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. காசாவிலிருந்து, குன்சும் ஏற்றத்துக்கு முன்னுள்ள லோசர் வரை ஏறத்தாழ 58 கிலோமீட்டர் ஓரளவு நல்ல சாலை. குன்சும் தாண்டிப் பாத்தலுக்கு இறங்கியபின் கிராம்பூ வரையிலான சுமார் 50 கிலோமீட்டரில் சாலை என்பது பல இடங்களில் உருண்டைக் கற்களும், குறுக்கே பாயும் ஓடைகளும், இடப்பக்கம் சந்திரா நதியும்தான். எல்லைச் சாலைகள் அமைப்பு அதை அகலப்படுத்திவருகிறது. ஆயினும் மேலேயுள்ள பனிப்பாறைகள் உருகி வரும் நீருக்குத் தேசிய நெடுஞ்சாலை எண் 505 என்பதெல்லாம் தெரியாது. இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் அதிகாலையில் ஓடைகள் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற நீர் பெருகி, பிற்பகலில் உச்சத்தை எட்டி, கலங்கிய நீருக்கடியில் கற்களையும் உருட்டிவரும். காலையில் மோட்டார் சைக்கிள் கடந்த அதே ஓடையில் பிற்பகலில் லாரி தயங்கி நிற்பது அங்கே வழக்கமான காட்சி.

இங்கேதான் உயரமும் நீரும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. காசாவிலிருந்து வழக்கமான நேரத்தில் கிளம்பினால் ஓடைகளை அடையும்போது பிற்பகலாகிவிடும். அதைத் தவிர்க்கக் குன்சுமுக்கு அப்பால் உள்ள சந்திரதால் ஏரிக்குச் சற்றுத் தள்ளியுள்ள முகாம்களில் தங்கி விடியலில் கிளம்பலாம். ஆனால் அவை 4,200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன. அங்கே இரவில் ஒருவருக்கு உடல்நிலை மோசமானால், மருத்துவமனை உள்ள காசாவுக்குத் திரும்பக் குன்சும் மீது மீண்டும் ஏற வேண்டும். இறங்கும் வழியோ அந்த 50 கிலோமீட்டர் கற்பாதை. எனவே முகாமில் தங்குவதா என்பதைக் காசாவில் இரண்டாம் இரவு கழிந்த காலையில்தான் முடிவுசெய்வோம். யாருக்காவது தலைவலியோ குமட்டலோ தொடர்ந்தால் முகாம் இல்லை; அனைவரும் காசாவில் இன்னொரு நாள் இருப்போம், அப்போதும் சரியாகாவிட்டால் வந்த வழியே கின்னோர் பக்கம் இறங்குவோம். இதற்கெனத் திட்டத்தில் இரண்டு நாட்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். தங்குமிடங்களில் தேதியை மாற்ற இடம்கொடுப்பவற்றையே தேர்ந்தெடுத்தேன். வாடகை சற்று அதிகம்தான். மலைநோயைத் தடுக்க எடுத்துக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஒவ்வொருவரும் அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள். குழுவில் ஒருவர் கொண்டுவந்து எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கும் பொருளன்று அது.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் நீர்தான். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி, கின்னோர் அப்படியன்று. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் சரிந்த மலை ஒரு பேருந்தையும் பிற வாகனங்களையும் புதைத்தது அந்தச் சாலையில்தான். மழை ஓயும் செப்டம்பர் இரண்டாம் பாதி பாதுகாப்பானது என்று சொல்லலாமே தவிர உறுதி தர முடியாது: 2018 செப்டம்பர் இறுதியில் திடீரெனக் கொட்டிய பனியில் லாகவுல் ஸ்பிட்டி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, பலரை விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்டன. 2023இல் ஜூலை மாதத்திலேயே சந்திரதால் முகாம்களில் ஏறத்தாழ 300 பேர் பனியில் மாட்டிக்கொண்டார்கள்.

வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மஹிந்திரா தார், ஒரு ஜிம்னி, ஒரு ஸ்கார்ப்பியோ, ஒரு டஸ்டர். டஸ்டருக்கு நான்கு சக்கர இயக்கம் இல்லாததால் அதுதான் எங்கள் அளவுகோல். அது கடக்க முடியாத ஓடையை மற்ற நான்கும் கடந்து பயனில்லை. எரிபொருளுக்கோ ஜிம்னியின் 40 லிட்டர் தொட்டிதான் கணக்கு. காசாவில் நிரப்பினால் மணாலி வரை சுமார் 200 கிலோமீட்டர், சந்திரதால் கிளைப்பாதை போகவர 25 கிலோமீட்டருக்கு மேல். முதல் கியரில் ஊர்ந்து லிட்டருக்கு 8 கிலோமீட்டர் மட்டுமே கிடைத்தாலும் 320 கிலோமீட்டர் ஓடும். பாத்தலுக்கும் கிராம்பூவுக்கும் இடையிலுள்ள சத்ரூ வரை வந்து வழியடைத்துத் திரும்ப நேர்ந்தாலும் காசாவை எட்டிவிடலாம். ஆகவே பெட்ரோல் கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகைப்படத்தில் அது நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் குலுங்கும் வண்டிக்குள் பெட்ரோல் ஆவியோடு உட்கார்ந்து மலையேறுவதை நான் விரும்பவில்லை.

காற்றழுத்தம் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. சண்டிகரில் அடித்த டயர் காற்று, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், குன்சும் உயரத்தில் அளவுமானியில் ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். ஆகவே கற்பாதைக்குக் காற்றைக் குறைப்பதைப் பாத்தலில் அளந்துபார்த்துச் செய்ய வேண்டும். தார்ச்சாலை வந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் கட்டாயம்.

லோசரைத் தாண்டியபின் செல்பேசியை நம்ப முடியாது. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதால், வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கிவரும் யோசனையை உடனே கைவிடச் சொன்னேன். உரிமம் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கிகள் வண்டிக்கு ஒன்று இருந்தால் குழுவுக்குள் பேசிக்கொள்ளப் போதும்; மலை மடிப்பு குறுக்கிட்டால் அதுவும் கேட்காது. அதனால் ஒவ்வொரு ஓட்டுநரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு: கண்ணாடியில் அது தெரியாமல் போனால் நின்றுவிட வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் நின்றால் சங்கிலித்தொடராக முன்வண்டி வரை எல்லோரும் நிற்பார்கள். ஜிம்னி முன்னே, டஸ்டர் நடுவே, இழுவைப் பட்டையும் அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் வளையமும் உள்ள தார் கடைசியில்.

ஓடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. முதலில் ஒருவர் கழியோடு இறங்கி ஆழம் பார்ப்பார். நின்று நடக்க முடியாத நீரோட்டத்தில் வண்டியும் இறங்காது. நடுநீரில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சை மிதிக்கக் கூடாது. எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்ப முயலாமல் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், ஏனெனில் சிலிண்டருக்குள் புகுந்த நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

திரும்பும் முடிவை எடுக்கும் உரிமை டஸ்டர் ஓட்டும் நண்பரிடம் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். வலுவான வண்டி வைத்திருப்பவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் முன்னே போவதாகவே இருக்கும். காலை பத்து மணிக்குள் பாத்தல் பாலத்தைக் கடக்காவிட்டால் அன்று கிராம்பூ நோக்கிப் போவதில்லை என்பதும் எழுத்தில் இருக்கிறது. இரண்டு நண்பர்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அவர்கள் பதில் வந்தபிறகே காசாவில் அறைகளுக்கு முன்பணம் கட்டுவேன்.