பட்டர்வொர்த் மழையில் ஒரு விறகடுப்பு

ராமநாதபுரத்துக்காரனுக்கு அடுப்பு பற்ற வைக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் சீமைக்கருவேல விறகு வெயிலில் கிடந்து எலும்பாகக் காய்ந்திருக்கும், இரண்டு பனையோலையும் ஒரு தீக்குச்சியும் போதும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வீட்டுக்கார அக்காவின் பின்கட்டில் நான் முதல் தடவை அடுப்பு மூட்டியபோது அரை மணி நேரம் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். சுவரை ஒட்டிச் சுவராக நிற்கும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள், பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் புகை நாற்றம். அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, கட்டையையா எரிக்கிற, தண்ணியையா?" என்றார்.

உண்மைதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் போய்விடும், மிஞ்சுவது புகை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் கட்டை ஒழுங்காக எரியும், ஆனால் பினாங்கில் வருடம் முழுக்கக் காற்றே ஈரம், செப்டம்பருக்கு அப்புறம் மழை வேறு. அதனால் இங்கே சமையல் அடுப்படியில் தொடங்குவதில்லை, விறகை அடுக்கும் இடத்தில் தொடங்குகிறது.

அக்கா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். முன்னறையில் 14 கிலோ கேஸ் உருளை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கும் பொங்கலுக்கும் விறகுதான். அவருக்குத் தெரிந்த மரம் பால்மரம், அதாவது ரப்பர். 25, 30 வருடம் பால் எடுத்த பிறகு மரங்களை வெட்டி மறுநடவு செய்வார்கள், அந்தக் கட்டை கிடைக்கும். வெட்டிப் போட்டதும் சீக்கிரமே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும் மரம் அது, ஆகவே வந்த அன்றே கோடாலியால் பிளந்துவிட வேண்டும். தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுகிறோம். நான் ஆர்வத்தில் நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றி வைத்த அடுக்கு, பூசணம் பிடித்து வீணானது. ஆறு மாதமாவது ஆகும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு விட்டிருக்கும், இரண்டைத் தட்டினால் 'டங்'கென்று கேட்கும், ஈரமென்றால் 'தொப்'.

பாயான் லெப்பாசில் நான் வேலை பார்க்கும் இடத்தில் சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகைகள் சும்மா கிடக்கும், அதைக் கொண்டுவரலாமா என்று ஒரு ஆசை வந்தது. அவற்றில் 'MB' என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி நச்சு வாயு அடித்தது என்று பொருள். என்ன சிந்தியதென்று தெரியாத பலகை, பெயின்ட் அடித்தது, பிளைவுட், எதையுமே சோற்றுப் பானைக்குக் கீழே வைக்கக் கூடாது.

மற்றதெல்லாம் காற்றுக் கணக்கு. அடுப்பின் வாயில் விறகைத் திணித்தால் தீ மூச்சுத் திணறும். இரண்டு செங்கல் மேல் நாலு முறுக்குக் கம்பி வைத்து அதன் மேல் விறகைப் போட்டேன், அடியிலிருந்து காற்று ஏறியதும் ஊதுகுழலைத் தேட வேண்டிய அவசியமே குறைந்தது. கொட்டாங்கச்சியும் சுள்ளியும் முதலில், கைக்கு அடங்கும் அளவு விறகு அப்புறம். பானைக்கும் அடுப்பின் சுவருக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டால் சூடு பக்கவாட்டில் ஓடாமல் பானையையே தழுவும். தணல் மங்கும்போது மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் ஊரில் சிலருக்கு உண்டு, அந்த வேலையே வேண்டாம், நெருப்பு டின்னுக்கே ஏறி வந்துவிடும்.

எனக்கு நிஜமாகப் பயம் வந்தது புகையால் இல்லை, புகையே இல்லாத கரியால். ஒரு நவம்பர் மாலை, சாரல் பின்கட்டு முழுக்க அடித்தது. கோலா செப்பெட்டாங் ஊரின் பாக்காவ் (அலையாத்தி மரம்) கரி போட்ட சின்ன அடுப்பை உள்ளே தூக்கி வந்து, மழைக்காகக் கதவு ஜன்னலையும் சாத்திவிட்டு மீன் சுட்டேன். கண் எரியவில்லை, ஆகவே நல்லது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது, குமட்டியது, பசி என்று நினைத்தேன். கடைக்குப் போய்விட்டு வந்த அக்கா கதவைத் திறந்ததும் ஒரே கத்தல், என்னை மழையில் இழுத்து நிறுத்தினார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கரித்தணல் அதை நிறையவே விடும். தலைவலி, மயக்கம் என்றால் உடனே வெளியே வர வேண்டும், ஆள் தள்ளாடினால் அவசர உதவிக்கு 999.

அன்றிலிருந்து அடுப்பு பின்கட்டுத் தகரக் கொட்டகையை விட்டு நகர்வதில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு மறுநாள் வரை தொடுவதில்லை, உள்ளே தணல் ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஆனால் எண்ணெய்ச் சட்டி பற்றினால் அந்தத் தண்ணீரைத் தொடாமல் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும்.

போன வாரம் விறகு லாரி வந்தது. "காஞ்சதுதான் லா" என்றார் டிரைவர். இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினேன், 'தொப்'. பொங்கலுக்கு உதவாது, அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று விலையைக் குறைத்து வாங்கி, அன்றைக்கே பிளக்க உட்கார்ந்துவிட்டோம்.