ஒரே கார்வோன், இரண்டு வாசனை

அமைப்பு மாற்றியம், அதாவது அதே அணுக்கள் வேறு வரிசையில் கோத்த சேர்மம், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் திரவம். அதே அணுக்களை வேறு வரிசையில் கோத்தால் டைமெத்தில் ஈதர், வாயு. சரி, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும் ஒளியியல் மாற்றியத்துக்கு என்ன செய்வது? கார்வோன் என்ற வாசனைச் சேர்மத்தைக் காட்டுங்கள், அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் இரண்டு வடிவம் உண்டு; இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். பிணைப்பு வரிசைகூட ஒன்றுதான். ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், இடது கால் செருப்பு வலது காலில் ஏறாத மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. முனைவாக்கிய ஒளியின் தளத்தை இடப்பக்கம் திருப்புவது இடஞ்சுழி, வலப்பக்கம் திருப்புவது வலஞ்சுழி. இடஞ்சுழி கார்வோன் ஸ்பியர்மின்ட் புதினா மணக்கும். வலஞ்சுழி, சதகுப்பை விதையில் இருப்பது. கிரைப் வாட்டர் ஞாபகம் வரும். நம் மூக்கின் வாசனை ஏற்பிகளும் இடம் வலம் பார்ப்பவை, அதனால்தான் இந்த வித்தியாசம். ஆசிரிய நண்பர்களே, பலகையில் படம் போடும் முன் இரண்டையும் வகுப்பில் முகரக் கொடுங்கள்.