கை தள்ளுது, கால் நிற்குது: ஃபிளாக் ஃபுட்போல் தாக்குதலைச் சரிசெய்வது

2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லொஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் கிரிக்கெட்டோடு ஃபிளாக் ஃபுட்போலையும் சேர்த்தது. கிரிக்கெட் செய்திக்குக் கீழே மற்றது அமுங்கிப்போயிற்று. ஃபிளாக் ஃபுட்போல் என்பது அமெரிக்க ஃபுட்போலின் மோதலில்லாத வடிவம். முழு ஆட்டத்துக்கு ஹெல்மெட்டும் தோள்கவசமும் வாங்கி அணிக்குப் பதினொரு பேரை இறக்குவது கொழும்பில் கைக்கடக்காத செலவு. ஐந்து பேர், இடுப்புக்கு ஒரு பட்டி, ஒரு பந்து என்றால் அடுத்த பின்னேரமே தொடங்கலாம்.

தொடங்கும் அணிகளுக்கு வரும் வியாதி பெரும்பாலும் ஒன்றுதான். தடுப்பு கெதியாகப் பிடிபட்டுவிடும், தாக்குதல் மட்டும் நகராது. உடனே கோச் யூடியூபில் புதுப்புது பிளே, அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டம், தேடத் தொடங்குவார். அங்கே மருந்து இல்லை. இங்கே விளையாட வருகிறவர்கள் றக்பி, கிரிக்கெட், நெட்போல் ஆடி வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கங்கள் உடம்பில் அப்படியே இருக்கும்வரை எந்த பிளேயும் ஓடாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடுகளம் 50 யார்ட் நீளம், 25 யார்ட் அகலம், இரு முனையிலும் 10 யார்ட் எண்ட் சோன். எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் டச்டவுனுக்கு இன்னும் நான்கு. ஆளைப் பிடித்து விழுத்தும் டெக்கிள் கிடையாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்புப் பட்டியில் தொங்கும் கொடியை உருவினால் அந்த இடத்திலேயே ஆட்டம் நிற்கும். பந்து தரையில் விழுந்தாலும் அப்படித்தான்.

றக்பிப் பொடியன்களின் முதல் சிக்கல் கை. எதிராளி கிட்ட வந்தால் உள்ளங்கையை நீட்டித் தள்ளுவது அவர்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. இங்கே அது கொடியை மறைத்த குற்றம், அபராதமாகத் தூரமும் பறிபோகும். போதாக்குறைக்கு றக்பியில் அந்தத் தள்ளலுக்குப் பெயர் ஹேண்ட் ஓஃப், இந்த விளையாட்டில் பந்தைக் கையில் கொடுப்பதற்கும் அதே பெயர். முதல் நாளே 'கொடு' என்று தமிழில் சொல்லிப் பழக்குங்கள், குழப்பம் மிச்சம். பந்தை இடுப்போரம் தொங்கவிட்டு ஓடினாலும் கொடி மறையும், ஆகவே நெஞ்சோடு அணைத்து ஓட வேண்டும். கோட்டைக் கண்டதும் பாய்ந்து விழுவதும் கூடாது.

நெட்போல் ஆடிய பெண்களின் கை அருமையான கை. ஆனால் பந்தைப் பிடித்ததும் கால் நின்றுவிடும், அந்த விளையாட்டின் விதியே அப்படி. எட்டு யார்ட் ஓடவேண்டிய பந்து மூன்று யார்ட்டில் முடிகிறது. இதற்கு ஒரு சின்னப் பயிற்சி போதும்: பிடித்த இடத்திலிருந்து ஐந்து யார்ட்டில் ஒரு கூம்பு வைத்து, அதைத் தாண்டினால்தான் பிடித்ததாகக் கணக்கு என்று சொல்லுங்கள்.

பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கை றக்பி அணியில் தேடாதீர்கள். இரண்டு கையால் இடுப்புயரத்தில் பக்கவாட்டில் எறிந்து பழகியவருக்கு ஒரு கையால் தோளுக்கு மேலே எறிய மாதக்கணக்காகும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து தட்டையாக, கீப்பரின் கையுறைக்கே எறிபவர் யார் என்று பாருங்கள். அவருக்குத் தோளும் கண்ணும் ஏற்கனவே இருக்கின்றன. தையல்மேல் விரல் வைப்பதையும், விடும்போது சுட்டுவிரல் கடைசியாகப் பந்தைத் தொடுவதையும் சொல்லிக்கொடுத்தால் போதும். றக்பிப் பந்தை வைத்துப் பழக்குவது வீண்வேலை. அது பருத்தது, ஒரு கைக்குள் அடங்காது.

அடுத்தது நேரம். இதில்தான் பெரும்பாலான தாக்குதல்கள் சாகின்றன. குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் றஷர், ஆட்டம் தொடங்கும் பந்துக் கோட்டிலிருந்து 7 யார்ட் தள்ளி நிற்பார். குவார்ட்டர்பேக் கோட்டுக்கு 5 யார்ட் பின்னால். ஆக 12 யார்ட், அதாவது 11 மீற்றர். கால் வேகமுள்ள ஒருவருக்கு அது இரண்டரை செக்கனுக்குள் வரும் தூரம், பிளாக் பண்ணித் தடுக்கவும் விதி விடாது. எனவே பயிற்சியில் கோச் கையில் ஃபோன் கடிகாரம் இருக்கட்டும். இரண்டரை செக்கனில் விசில். அப்போதும் பந்து கையில் இருந்தால் அந்த முயற்சி தோல்வி, அருமையாக எறிந்தாலும் சரி. ஆட்டத்தைத் தொடங்க சென்டர் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் போடும் பந்துதான் ஸ்னாப். அது நெஞ்சுக்கு வராமல் முழங்காலுக்கு வந்தால் குனிந்து எடுப்பதிலேயே அரை செக்கன் போய்விடும். ஒவ்வொரு பின்னேரமும் முதல் பத்து நிமிடம் வேறு எதுவும் வேண்டாம், 30 ஸ்னாப், அதில் 27 நெஞ்சுக்கு வரவேண்டும்.

பிளே என்று பார்த்தால் ஆறு போதும். ஒவ்வொன்றையும் இடம் வலம் மாற்றினால் பன்னிரண்டு. அதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், மற்றவை இதே கணக்கில் வரும். பெயர் ஸ்மாஷ். பந்தைப் பிடிக்க ஓடும் இரண்டு றிசீவர்களில் வெளியே நிற்பவர் பக்கக்கோட்டிலிருந்து 4 யார்ட் உள்ளே, அவருக்கு 5 யார்ட் உள்ளே மற்றவர். வெளியே நிற்பவர் 5 யார்ட் ஓடி நின்று திரும்புவார். உள்ளே நிற்பவர் 8 யார்ட் நேரே போய், பக்கக்கோட்டின் மூலை நோக்கி வெட்டுவார். குவார்ட்டர்பேக் பார்க்கவேண்டியது ஒரேயொரு ஆளை: அந்தப் பக்கத்து வெளித் தடுப்பாளரை. அவர் முன்னே வந்தால் பந்து அவர் தலைக்கு மேலால் மூலைக்கு. பின்வாங்கினால் முன்னே நிற்பவருக்கு. ஒரே ஆளால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது, வித்தை அவ்வளவுதான்.

கெடுவது எங்கே? உள்ளே இருப்பவர் அவசரப்பட்டு 6 யார்ட்டிலேயே வெட்டுவார். அப்போது இரண்டு றிசீவரும் ஒரே தடுப்பாளரின் கைக்குள் வந்துவிடுவார்கள். வெளியே இருப்பவர் வட்டமடித்துத் திரும்புவார். இடுப்பைத் தாழ்த்தி மூன்று குறுகிய எட்டு வைத்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் தடுப்பாளர் பந்துக்கு முன்னே வந்துவிடுவார். குறுகிய பந்தை அவர் திரும்பிய பிறகு எறிந்தால் பிந்திப்போச்சு. திரும்பத் தொடங்கும்போதே பந்து கையை விட்டிருக்க வேண்டும். 5, 8 யார்ட்டில் கூம்பு வைத்து, தடுப்பே இல்லாமல் ஒரு வாரம் ஓடவிடுங்கள். பிறகு ஒரு தடுப்பாளரை மட்டும் இறக்குங்கள். ஐந்துக்கு ஐந்து கடைசியில்தான்.

ஸ்மாஷ் இடம் பார்த்து நிற்கும் தடுப்புக்கு. ஆள் பிடித்து ஓடும் தடுப்புக்கு இருவர் குறுக்கே ஓடும் பிளே நல்லது: ஒருவர் 4 யார்ட் ஆழத்தில், மற்றவர் 6இல். இரண்டு பேரும் ஒரே ஆழத்தில் போனால் மோதல், அல்லது மறித்த குற்றம். எந்தத் தடுப்பு என்று அறிய, ஸ்னாப்புக்கு முன் ஒரு றிசீவரைக் குறுக்கே நடக்கவிடுங்கள். ஒருவர் பின்னாலேயே வந்தால் அது பெரும்பாலும் ஆள்பிடி.

பெயர் வைப்பதில் ஒரு யோசனை. கொழும்பு அணியில் மூன்று மொழியும் இருக்கும், அமெரிக்கப் பெயர்கள் யாருக்கும் ஒட்டாது. பஸ் இலக்கம் வையுங்கள். 100 என்றால் காலி வீதி மாதிரி எல்லோரும் நேரே. 177 கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகிற மாதிரி குறுக்கே. ஸ்மாஷுக்கு 138. ஒருமுறை சொன்னால் மறக்காது. 100, 101 இரண்டையும் ஒன்றாக வைக்கவேண்டாம், சத்தத்தில் காதில் ஒன்றாக விழும்.

காலிமுகத்திடலில் பழகுபவர்கள் ஆடுகளத்தை வடக்கு தெற்காகப் போடுங்கள். கிழக்கு மேற்காகப் போட்டால் பின்னேர வெயில் ஒரு பக்கத்து றிசீவரின் கண்ணில் அடிக்கும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடற்காற்று நீண்ட பந்தைத் தூக்கி நிலப்பக்கம் கொண்டுபோகும், அந்த மாதங்களில் மூலைப் பந்தைக் குறைத்து குறுகியதைக் கூட்டுங்கள். தோல் பந்து மழையிலும் வியர்வையிலும் பாரமாகி வழுக்கும். பயிற்சிக்குச் செயற்கைத் தோலால் ஆன கொம்போசிட் பந்து போதும், சென்டரின் இடுப்பில் ஒரு துவாயும்.

கடைசியாக ஐந்து யார்ட் கணக்கு. நடுக்கோட்டுக்கு முன்னாலும் எண்ட் சோனுக்கு முன்னாலும் 5 யார்ட்டுக்குள் பந்து இருந்தால் ஓட்டம் செல்லாது, எறிந்தே ஆகவேண்டும். அணிகள் 6 யார்ட்டில் நிற்கும்போது ஓடி 2 யார்ட் எடுத்து, தாங்களே அந்தப் பொறிக்குள் போய் விழுகின்றன. 6இல் நின்றால் கோட்டைத் தாண்டுகிற பந்தை எறியுங்கள். அது தவறினாலும் அடுத்த முறை ஓடும் வழி திறந்தே இருக்கும். டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் மேலதிகப் புள்ளி முயற்சியிலும் இதே சங்கதி: 5 யார்ட்டிலிருந்து ஒரு புள்ளி, எறிதல் மட்டும். 10இலிருந்து இரண்டு புள்ளி, ஓடலாம். பயிற்சியில் இரண்டையும் இருபது இருபது தடவை ஆடி எண்ணுங்கள். 5இலிருந்து 12 தடவை வென்று, 10இலிருந்து 7 தடவை வென்றால், 5இலிருந்து 12 புள்ளி, 10இலிருந்து 14.