வண்டி இல்லாதவர்கள்: கத்ரீனா நாட்களின் குறிப்புகள்

28 ஆகஸ்ட் 2005, ஞாயிறு, ஹூஸ்டன்

மெக்சிகோ வளைகுடாவில் கத்ரீனா இன்று ஐந்தாம் வகைப் புயலாகிவிட்டது; அதற்கு மேல் வகை இல்லை. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். நகரத்தை விட்டு எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நாகின் காலையில் உத்தரவிட்டார். புயல் கரையைத் தொட ஒரு நாள்கூட இல்லை. நெடுஞ்சாலையின் இரு பக்கங்களையும் வெளியேறும் வழியாக மாற்றியிருப்பதால் வண்டிகள் ஊர்ந்தேனும் நகர்கின்றன. ஆனால் அந்த நகரத்தில் கார் இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டிருக்கும் புகலிடம் சூப்பர்டோம் விளையாட்டரங்கம். போதிய உணவும் படுக்கையும் இல்லாத ஓரிடத்தை நோக்கி முதியவர்களும் குழந்தைகளும் வரிசையில் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவ்வட்டார வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கையையும் படித்தேன். அப்பகுதியின் பெரும்பகுதி வாரக்கணக்கில், ஒருவேளை அதற்கும் மேலாக, மக்கள் வாழ முடியாததாகிவிடும் என்று அதில் எழுதியிருக்கிறது. வானிலை அறிக்கை ஒன்று இந்த மொழியில் எழுதப்பட்டு நான் கண்டதில்லை.

30 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்றுக் காலை புயல் லூசியானாவின் பூராஸ் என்ற ஊர் அருகே கரையைக் கடந்தது. அது சற்று வலுக்குன்றிக் கிழக்கே விலகியதால் நியூ ஆர்லியன்ஸ் தப்பித்துவிட்டது என்று மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கப் போனேன். இன்று எழுந்து பார்த்தால் 17ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஆகியவற்றின் தடுப்புச் சுவர்கள் உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருக்கிறது. நகரத்தின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே கிண்ணம்போல் அமைந்திருப்பதால், உள்ளே வந்த நீர் தானாக வெளியேறாது; இறைத்துத்தான் ஆக வேண்டும். இறைக்கும் நிலையங்களும் செயலிழந்து கிடக்கின்றன. மக்கள் கூரைமேல் நின்று துணியை வீசிக்காட்டுகிறார்கள்.

சுனாமி வந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. ஜனவரியில் விடுப்பெடுத்து நாகப்பட்டினம் சென்று கல்யாண மண்டபங்களில் தங்கியிருந்தவர்களின் பெயர்களை எழுதிய கை இது. உலகத்தின் பணக்கார நாட்டில் அதே காட்சியைப் பார்ப்பேன் என்று எண்ணவில்லை.

1 செப்டம்பர், வியாழன்

சூப்பர்டோமைத் தவிர மாநாட்டு மண்டபத்திலும் ஆயிரக்கணக்கானோர் குடிநீரும் உணவும் இல்லாமல் காத்திருப்பதைத் தொலைக்காட்சிகள் இடைவிடாமல் காட்டுகின்றன. செய்தியாளர்களின் படக்கருவி சென்று சேர்ந்த இடத்துக்குத் தண்ணீர் லாரி ஏன் சென்று சேரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அங்கே மக்கள் இருப்பது பற்றித் தமக்கு இன்றுதான் தெரியவந்தது என்று ஃபீமா என்னும் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன் கூறுகிறார். கரைகள் உடையும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்று அதிபர் புஷ் இன்று ஒரு நேர்காணலில் சொன்னார். 2004 ஜூலையில் ‘பாம்’ என்ற கற்பனைப் புயலை வைத்து, நியூ ஆர்லியன்ஸ் நீரில் மூழ்கினால் என்ன செய்வது என்று இதே ஃபீமாவின் ஆதரவில் அதிகாரிகள் ஒத்திகையே நடத்தியிருக்கிறார்கள். எதிர்பார்க்கவில்லை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

3 செப்டம்பர், சனி

சூப்பர்டோமிலிருந்து பேருந்துகளில் கொண்டுவரப்பட்டவர்களுக்காக எங்கள் ஊரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தைத் திறந்திருக்கிறார்கள். காலையிலேயே சென்றுவிட்டேன். பந்து விளையாடிய தரை முழுவதும் மடக்குக் கட்டில்கள், இடையில் ஓராள் நடக்கும் வழி மட்டும். கால்களில் புண்; நாள்கணக்கில் அழுக்குநீரில் நின்றதால் வந்த புண். நீரிழிவு மருந்தைத் தேடுபவர்கள், இன்னும் ஈரமான காலணியோடு இருப்பவர்கள். சுவரெங்கும் உறவினரைத் தேடும் காகிதத் துண்டுகள்.

எனக்குத் தரப்பட்ட வேலை, காணாமற்போனவர்களின் பெயர்களைக் கணினியில் பதிவதும் தேடுவதும். அதுவே பெரும் துயரம். பெயர்ப்பட்டியல் ஒன்றாக இல்லை. ஆளாளுக்கு ஒரு தளம் வைத்திருக்கிறார்கள், ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை, எழுத்துப் பிழையோடு பதிந்த பெயர் தேடலில் அகப்படுவதும் இல்லை.

நியூ ஆர்லியன்ஸின் ஒன்பதாம் வார்டிலிருந்து வந்த ஓர் அம்மையார், எழுபது வயதைத் தாண்டியவர், தம் தம்பியைத் தேடுகிறார். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் யாரையும் அழைப்பதுபோல் என்னையும் ‘பேபி’ என்றே அழைத்தார். ஏன் முன்பே கிளம்பவில்லை என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “மாதக் கடைசி, பேபி. காசோலை ஒன்றாம் தேதிதான் வரும். வண்டியும் இல்லை, விடுதிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. எங்கே போவது?” என்றார். வெளியேறு என்ற உத்தரவு அவர் வீட்டு வானொலியிலும் ஒலித்தது. வெளியேறுவதற்கான பேருந்து மட்டும் அவர் தெருவுக்கு வரவில்லை. நீரில் மூழ்கி வரிசையாக நிற்கும் பள்ளிப் பேருந்துகளின் படம் இரண்டு நாட்களாக எல்லா இடத்திலும் வெளியாகிறது.

9 செப்டம்பர், வெள்ளி

குடும்பத்துக்கு 2,000 டாலர் என்று வங்கி அட்டை வழங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். அட்டை வாங்க இங்கே மிக நீண்ட வரிசை. அதற்குள் திட்டத்தையே நிறுத்தி, இனி வங்கிக் கணக்கில் செலுத்துவோம் என்கிறார்கள். வீட்டோடு அடையாளச் சீட்டுகளையும் இழந்து, வங்கிக் கணக்கே இல்லாதவர்களிடம் இதை எடுத்துச் சொல்லும் வேலையும் தொண்டர்கள் தலையில் விழுந்தது.

மைக்கேல் பிரவுனைக் களத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான் அதிபர் அவரைப் பொதுமேடையில் பாராட்டினார்.

14 செப்டம்பர், புதன்

பிரவுன் திங்களன்று பதவி விலகினார்.

இந்திய விமானப்படை விமானம் ஒன்று 25 டன் நிவாரணப் பொருள்களுடன் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகருக்கு வந்திருக்கிறது. சுனாமியின்போது வெளிநாட்டு அரசுகளின் உதவியை நிவாரணத்துக்கு ஏற்க மறுத்த நாடு நம்முடையது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நாகையில் நான் கண்டதையும் மறக்க முடியாது: தலித் குடியிருப்புகள் பல நிவாரணப் பட்டியலில் கடைசியாகத்தான் இடம்பெற்றன, சில இடம்பெறவே இல்லை. கடலுக்குச் செல்லாத கூலித் தொழிலாளியின் இழப்பை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியவில்லை. கார் இல்லாத கறுப்பின மூதாட்டியும் படகு இல்லாத அந்தக் கூலியாளும் என் மனத்தில் அருகருகே நிற்கிறார்கள்.

23 செப்டம்பர், வெள்ளி

இப்போது ரீட்டா என்ற அடுத்த புயல். இம்முறை எங்களையே வெளியேறச் சொன்னார்கள். ஊரே ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தது. வடக்கே செல்லும் 45ஆம் எண் நெடுஞ்சாலையில் நேற்று மணிக்கணக்காக நின்றோம். வண்டிகள் எரிபொருள் தீர்ந்து ஓரத்தில் கிடக்கின்றன. எதிர்ப்பக்க வழித்தடங்களைத் திறந்துவிட வெகுநேரம் ஆயிற்று. இன்று அதிகாலை டாலஸ் அருகே, எங்கள் பகுதியிலிருந்து முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பற்றியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டனர். அவர்களைக் காப்பாற்றத்தானே ஏற்றிச் சென்றார்கள். நியூ ஆர்லியன்ஸில் அவசரமாக அடைத்த கரையைத் தாண்டி ஒன்பதாம் வார்டுக்குள் மீண்டும் நீர் புகுந்திருக்கிறது.

12 அக்டோபர், புதன்

வெள்ளநீரை முழுவதும் இறைத்து முடித்துவிட்டதாக ராணுவப் பொறியாளர் படை அறிவித்துள்ளது. ஆறு வாரங்கள் ஆகியிருக்கின்றன. 17ஆம் தெரு, லண்டன் அவென்யூ கால்வாய்களின் சுவர்கள், நீர் மேலேறி வழிவதற்கு முன்பே சரிந்திருக்க வேண்டும் என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அச்சுவர்களைக் கட்டியதும் இதே பொறியாளர் படைதான். அப்படியானால் நகரத்தை மூழ்கடித்த குற்றத்தைப் புயலின்மீது மட்டும் சுமத்த முடியாது.

மாலையில் அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். ஹூஸ்டனின் தென்மேற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வீடு கிடைத்திருக்கிறது. தம்பி உயிரோடு இருக்கிறார். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே விமானத்தில் ஏற்றினார்களாம்; இறங்கிய பிறகுதான் அது யூட்டா மாநிலம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயரைத் தவறாகப் பதிந்திருந்ததால் எங்கள் தேடலில் அவர் இத்தனை நாளாக அகப்படவே இல்லை.

“யூட்டாவுக்குப் பேருந்தில் எத்தனை மணி நேரம், பேபி?” என்று கேட்டார். நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டேன். ஒன்றரை நாளுக்குக் குறையாது என்றேன். பயணச்சீட்டின் விலையையும் கேட்டு எழுதிக்கொண்டார்.